ஒரே பொடி, ரெண்டு தூக்கம்

டிஸ்கி: இது கொஞ்சம் வேதியியல் பதிவு, நிறையக் கோபப் பதிவு. சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். ப்ளஸ் டூவோடு வேதியியலைத் தலைமுழுகியவர்களும் தைரியமாகப் படிக்கலாம். லாரி, இறால், மிளகு, இவ்வளவுதான். நடுவில் ஒரே ஒரு இடத்தில் கணக்கு வரும், பிடிக்காதவர்கள் தாண்டிவிடலாம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பாலிமர் ஒன்றை விற்றால் கூடவே ஒரு சான்றிதழ் போகும். அதில் "மூலக்கூறு எடை" என்று ஒரு வரி, பக்கத்தில் ஓர் எண். இரண்டு லட்சம், ஐந்து லட்சம், இப்படி. அந்த எண்ணைப் பார்த்துத்தான் விலை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் சரக்கை ஏற்பதும் திருப்பி அனுப்புவதும்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த எண் பல நேரங்களில் எடையே அல்ல. உருவத்தின் அளவைப் பார்த்துவிட்டு எடை என்று எழுதிக் கொடுக்கிறார்கள். சரி, அதற்காவது எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தோம் என்று எழுத வேண்டுமா இல்லையா? எழுதுவதில்லை. அளவுகோலின் பெயர் இல்லாத மூலக்கூறு எடை வெறும் வதந்தி. வதந்தியை வைத்து அடுத்தவன் வயிற்றில் அடிப்பது அநியாயம்.

இதை மோசடி என்கிறேனா? இல்லைங்க. மோசடிக்குக் கொஞ்சமாவது மூளை வேண்டும். இது வெறும் சோம்பல்.

இறால் ஓட்டில் என்ன இருக்கிறது

புதிதாக வருபவர்களுக்கு: சொந்த ஊர் அறந்தாங்கி. பிழைப்பு கொச்சியில். குடியிருப்பது மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் மணக்கும் ஒரு சந்தின் மாடியில். வேலை ஒரு பரிசோதனைக் கூடத்தில், பாலிமர் பிரிவில். அங்கே அதிகம் கையில் வந்து விழுவது கைட்டோசான் என்கிற வெள்ளைப் பொடி.

கொச்சியில் கைட்டோசான் வருவதற்குக் காரணம் இறால். தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து அரூர், சந்திரூர் வரைக்கும் இறால் உரிக்கும் கூடங்கள் இருக்கின்றன. உரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப் போகும் வேலை. சதை ஏற்றுமதிக்குப் போய்விடும். தலையும் ஓடும் குப்பை. இறாலின் எடையில் பாதிக்குப் பக்கமாக இந்தக் குப்பைதான்.

அந்தக் குப்பைக்குள் இருப்பது கைட்டின். ஓட்டை நீர்த்த அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பை எடுக்க வேண்டும். நீர்த்த காரத்தில் போட்டுப் புரதத்தை எடுக்க வேண்டும். மிஞ்சுவது கைட்டின். அதை அடர்ந்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான். மட்டாஞ்சேரியிலிருந்து பாலம் தாண்டினால் வெலிங்டன் தீவு. அங்கே இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் (சிஃப்ட் என்றால்தான் இங்கே தெரியும், 1957-ல் தொடங்கியது) இறால் கழிவிலிருந்து கைட்டின், கைட்டோசான் எடுக்கும் முறையை 1970-களிலேயே எழுதி வெளியிட்டுவிட்டது. தண்ணீரைத் தெளியவைக்க, பயிருக்குத் தெளிக்க, காயத்தில் ரத்தத்தை நிறுத்தும் கட்டுக்கு என்று இந்தப் பொடிக்கு எத்தனையோ பயன். அமெரிக்காவில் 2002-ல் அனுமதி வாங்கிய ஹெம்கான் கட்டு கைட்டோசானால் ஆனது. நம்மூரில் அகமதாபாதில் செய்யும் ஆக்ஸியோஸ்டாட்டும் அப்படியே.

கைட்டோசான் ஒரு நீளச் சங்கிலி. காஸ்டிக்கில் எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் வேகிறதோ அதற்கேற்பச் சங்கிலி துண்டாகும். நீளச் சங்கிலி என்றால் கரைசல் கஞ்சி மாதிரி கெட்டியாக இருக்கும். குட்டைச் சங்கிலி என்றால் தண்ணீர் மாதிரி ஓடும். ஒரு வேலைக்கு உதவுவது இன்னொன்றுக்கு உதவாது. ஆகவே சங்கிலியின் நீளத்தை, அதாவது மூலக்கூறு எடையை, வாங்குபவர் கேட்பதில் தப்பே இல்லை. கேட்கத்தான் வேண்டும். பதில் எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் வில்லங்கம்.

பஜார் ரோடும் லாரியும்

அளக்கும் முறைக்குப் பெயர் சைஸ் எக்ஸ்குளூஷன் குரோமட்டோகிராபி. பழைய ஆட்கள் ஜி.பி.சி. என்பார்கள். பெயரிலேயே "சைஸ்" இருக்கிறது பாருங்கள். எடை என்ற சொல் பெயரில் எங்கேயும் இல்லை.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு வந்திருக்கிறீர்களா? நீளமான ஒரு தெரு, இரண்டு பக்கமும் குடோன், நடுநடுவே குறுகிய சந்துகள். ஒரு சைக்கிளும் ஒரு ஆட்டோவும் ஒரு லாரியும் ஒரே நேரத்தில் தெருவுக்குள் நுழைகின்றன என்று வையுங்கள். சைக்கிள் ஒவ்வொரு சந்துக்குள்ளும் புகுந்து புகுந்து வரும். ஆட்டோ அகலமான சந்துகளில் மட்டும் நுழையும். லாரிக்கு எந்தச் சந்தும் கொள்ளாது, நேரே போய்விடும். ஆகவே மறுமுனையில் முதலில் வருவது லாரி, கடைசியில் வருவது சைக்கிள்.

கருவியும் இதே கதைதான். ஒரு நீளக் குழாய். (லேபில் "காலம்" என்போம். நேரத்தோடு குழம்பும் என்பதால் குழாய் என்றே எழுதுகிறேன்.) உள்ளே நுண்துளை போட்ட மணிகள். பாலிமர் கரைசலை ஒரு முனையில் செலுத்தினால் சின்ன மூலக்கூறுகள் துளைகளுக்குள் புகுந்து தாமதமாக வரும். பெரியவை துளைக்குள் போக முடியாமல் சீக்கிரம் வந்துவிடும். மறுமுனையில் ஒரு டிடெக்டர், எந்த நிமிடத்தில் எவ்வளவு வந்தது என்று வரைந்து காட்டும்.

இதுவரை அற்புதமான கருவி. நானே தினமும் கும்பிடுகிற கருவி. 1950-களின் நடுவில் லண்டனில் லேத், ருத்வென் என்ற இருவர் ஊறிய மாவுச்சத்தைக் குழாயில் நிரப்பி இந்த விளையாட்டை ஆரம்பித்தார்கள். 1959-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் போராத், ஃப்ளோடின் இருவரும் செஃபடெக்ஸ் மணிகளைக் கொண்டுவந்தார்கள். 1964-ல் அமெரிக்காவின் டௌ கம்பெனியில் ஜான் மூர் பிளாஸ்டிக் உலகத்துக்கு இதைக் கொண்டுபோனார். அதுவரை நாள் கணக்கில் எடுத்த வேலை மணிக்கணக்குக்குச் சுருங்கியது. யாரும் இதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கருவி சொல்வது என்ன? "இந்த வண்டி இத்தனை நிமிடத்தில் வந்தது." அதிலிருந்து தெரிவது வண்டியின் அகலம். எடை தெரிய வேண்டுமென்றால் எடை தெரிந்த சில வண்டிகளை முன்கூட்டியே ஓடவிட்டு, இத்தனை நிமிடம் என்றால் இத்தனை டன் என்று ஒரு அட்டவணை போட வேண்டும். அதற்கு விற்கப்படும் பாலிமர்களைத் தரப்பொருள் என்போம். தண்ணீரில் கரையும் பாலிமருக்கு வழக்கமாகப் புல்லுலான், டெக்ஸ்ட்ரான். பிளாஸ்டிக், ரப்பர் வகைக்குப் பாலிஸ்டைரீன்.

இங்கேதான் தகராறு. பஞ்சு மூட்டை ஏற்றிய லாரியை வைத்து அட்டவணை போட்டுவிட்டு, இரும்புக் கம்பி ஏற்றிய லாரியை அதே அட்டவணையில் பார்த்தால் என்ன ஆகும்? அகலம் ஒன்றுதான். எடை ஒன்றா? எடைமேடையில் ஏற்றாமலே எடைச்சீட்டு எழுதிக் கொடுப்பதற்குச் சமம் இது.

கணக்கு (பிடிக்காதவர்கள் தாண்டவும்)

புல்லுலான் நூல் மாதிரி. நன்றாகச் சுருளும். கைட்டோசான் விறைப்பான ஆசாமி. அதிலும் அமிலக் கரைசலில் அதன்மேல் நேர்மின்சுமை ஏறிக்கொள்ளும், ஒன்றையொன்று தள்ளி இன்னும் விரியும். ஒரு கிலோ நூல்கண்டையும் ஒரு கிலோ முள்விறகுக் கட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது அதிக இடத்தை அடைக்கும்?

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று கணக்கே போட்டுப் பார்க்கலாம். பிரான்சின் ரினாடோ குழுவினர் 1993-ல் கைட்டோசானுக்கு வெளியிட்ட மாறிலிகள் கிராமுக்கு மில்லிலிட்டர் கணக்கில் 0.076, அடுக்கு 0.76. புல்லுலானுக்குப் பரவலாகப் பயன்படுவது 0.0191, அடுக்கு 0.67. உண்மையான எடை 2 லட்சம் உள்ள கைட்டோசானை எடுத்துக்கொள்வோம். இந்த மாறிலிகளின்படி அதன் உள்ளார்ந்த பாகுநிலை கிராமுக்குச் சுமார் 810 மில்லிலிட்டர். அதே பருமன் உள்ள புல்லுலானின் எடை எவ்வளவு? சுமார் 8 லட்சத்து 80 ஆயிரம்.

மறுபடி படியுங்கள். 2 லட்சம் எடையுள்ள சரக்கு, புல்லுலான் அட்டவணையில் பார்த்தால் 8.8 லட்சம். நாலு மடங்குக்கு மேல். யாரும் பொய் சொல்லவில்லை. கருவி பழுதில்லை. வேலை செய்தவர் கை நடுங்கவில்லை. அளவுகோல் வேறு, அவ்வளவுதான்.

இது போதாதென்று எதிர்த்திசையிலும் இழுக்கும். குழாயின் மணிகளில் எதிர்மின்சுமை இருந்து, ஓடும் கரைசலில் உப்பு போதாமல் போனால், நேர்மின்சுமை கொண்ட கைட்டோசான் அங்கங்கே ஒட்டிக்கொண்டு தாமதமாக வரும். தாமதமாக வந்தால் சின்னது என்று கருவி நினைத்துக்கொள்ளும். ஆக, அளவுகோல் மட்டுமல்ல, கரைசலில் எவ்வளவு உப்பு, எவ்வளவு அமிலம் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை.

"பாகுநிலை முறையில் அளந்தால் இந்தத் தொல்லை இல்லையே" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவீர்கள், தெரியும். அங்கேயும் மாறிலி வேண்டும் சாமி. மேலே சொன்ன 810-ஐயே எடுத்து, ராபர்ட்ஸ், டோம்ஸி இருவரும் 1982-ல் வெளியிட்ட மாறிலிகளில் (0.00181, அடுக்கு 0.93) போட்டுப் பாருங்கள். விடை சுமார் 12 லட்சம்! கரைப்பான் கொஞ்சம் வேறுதான். ஆனால் உப்பின் செறிவு ஏறக்குறைய ஒன்று. ஆறு மடங்கு வித்தியாசத்தை அதன் தலையில் கட்ட முடியாது.

ஆக ஒரே பொடிக்கு 2 லட்சம், 8.8 லட்சம், 12 லட்சம் என்று மூன்று "மூலக்கூறு எடை". மூன்றுக்கும் அச்சான ஆதாரம் உண்டு. சான்றிதழில் எதைப் போட்டாலும் யாரும் கேட்க முடியாது. கேட்கவும் மாட்டார்கள், கேட்கிற ஆளுக்கு இது தெரிந்தால்தானே.

சேட்டன் கேட்ட கேள்வி

இது புத்தகப் பிரச்சினை என்று நினைக்கிறவர்களுக்காக இந்தக் கதை. எனக்குத் தெரிந்த ஒரு சேட்டன் சின்ன அளவில் கைட்டோசான் செய்கிறார். நாலைந்து தொட்டி, பத்துப் பேருக்கு வேலை. வெளிநாட்டு வாங்குநர் ஒருவர் கேட்டது 2 முதல் 3 லட்சம் வரை. இவரும் அப்படியே செய்து, ஒளிச்சிதறல் முறையில் அளந்த சான்றிதழோடு அனுப்பினார். போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களுடைய லேபில் பார்த்தார்கள். ஒன்பது லட்சத்தை ஒட்டி வந்தது. "சொன்னபடி இல்லை, ஒன்று திருப்பி எடு, இல்லை விலையைக் குறை" என்று மின்னஞ்சல்.

அவர் இரண்டு தாளையும் என் முன்னால் வைத்துக் கேட்டார்: "சாரே, ஒரே பொடி, ரெண்டு தூக்கமோ?"

தூக்கம் என்றால் மலையாளத்தில் எடை. தமிழில் அர்த்தம் வேறு. எதிர்த்தரப்பு லேபுக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும்.

எதிர்த்தரப்பு அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வண்ணப்படத்தில் அழகான ஒரு மலை, கீழே எண், முத்திரை, கையெழுத்து. எந்தத் தரப்பொருள்? இல்லை. என்ன கரைசல்? இல்லை. என்ன டிடெக்டர்? இல்லை. எழுதிக் கேட்கச் சொன்னேன். மூன்று கடிதத்துக்குப் பிறகு ஒரு வார்த்தையில் பதில்: புல்லுலான். அந்த ஒரு வார்த்தையை முதலிலேயே அச்சடித்திருந்தால் இரண்டு அறிக்கைக்கும் சண்டையே இல்லை என்று எந்த வேதியியல் மாணவரும் சொல்லியிருப்பார். ஆனால் அதற்குள் சேட்டன் விலையைக் குறைத்து ஒப்புக்கொண்டுவிட்டார். வங்கிக் கடனுக்கு வட்டி காத்திருக்காது. அந்த இழப்பு அவரோடு நிற்கவா போகிறது? ஓடு கொடுக்கும் கூடத்துக்கு விலை குறையும். கடைசியில் யார் விரல் மரத்ததோ அவர் கூலியில் வந்து விழும்.

ஒரு கூடை இறால்

அளவுகோல் ஒன்று. இன்னொன்று, "சராசரி" என்ற சொல். சான்றிதழில் வெறுமனே மூலக்கூறு எடை என்று போட்டால் எந்தச் சராசரி என்று கேளுங்கள்.

ஒரு கூடையில் 10 கிராம் இறால் பத்து, 100 கிராம் இறால் ஒன்று. மொத்தம் 200 கிராம், பதினோரு இறால். வகுத்தால் சராசரி 18 கிராம். இது எண்ணிக்கைச் சராசரி. இப்போது கூடையில் உள்ள ஒவ்வொரு கிராம் சதையையும் கூப்பிட்டு "நீ எந்த சைஸ் இறாலில் இருக்கிறாய்?" என்று கேளுங்கள். பாதிச் சதை 10 என்னும், பாதி 100 என்னும். சராசரி 55 கிராம். இது எடைச் சராசரி. ஒரே கூடை, ஒருவர் 18 என்கிறார், ஒருவர் 55 என்கிறார். இரண்டும் சரி.

பாலிமரிலும் இதே இரண்டு சராசரிகள் உண்டு. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் சரக்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று தெரியும். வாங்குபவர் ஒன்றை நினைக்க, விற்பவர் இன்னொன்றை எழுதினால் மறுபடி சண்டை. துறைமுகத்தில் இறால் ஏலம் எடுப்பவரைக் கேளுங்கள். "கவுண்ட்" என்றால் கிலோவுக்கா பவுண்டுக்கா என்று சேர்த்துத்தான் பேசுவார். படிக்காதவர் என்று நாம் நினைக்கிற அவருக்குத் தெரிந்தது, முனைவர் பட்டம் வாங்கிக் கையெழுத்துப் போடுபவருக்குத் தெரியவில்லை.

வடிகட்டியில் தங்கியது யார் கணக்கு

ரப்பருக்கு வருவோம், கேரளத்தில் இருந்துகொண்டு ரப்பரைப் பேசாமல் இருக்க முடியுமா. இயற்கை ரப்பரை இந்தக் கருவியில் ஓட்டி, மலேசிய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ. சுப்பிரமணியம் 1972-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல ரப்பர் மர வகைகளில் ஒரு மலை அல்ல, இரண்டு மலை வரும் என்று காட்டிய வேலை. இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இயற்கை ரப்பரில் ஒரு பகுதி எந்தக் கரைப்பானிலும் முழுக்கக் கரையாது. ஜெல் என்போம். ஷீட்டைக் கிடங்கில் வைத்திருக்க வைத்திருக்க அது கூடும். குழாய் அடைத்துவிடக் கூடாது என்று கரைசலை வடிகட்டித்தான் கருவியில் விட வேண்டும். அதாவது மிகப் பெரிய, பின்னிப் பிணைந்த பகுதி வடிகட்டியிலேயே நின்றுவிடும். கருவி பார்ப்பது மீதியை மட்டும். அது தவறில்லை, வேறு வழியில்லை. ஆனால் "இத்தனை சதவீதம் வடிகட்டியில் தங்கியது" என்று எழுதாமல் "இந்த ரப்பரின் மூலக்கூறு எடை இவ்வளவு" என்று எழுதுவது, வகுப்புக்கு வராத பையன்களை விட்டுவிட்டு நூறு சதவீதம் தேர்ச்சி என்று பேனர் கட்டும் பள்ளிக்கூடத்து வேலை.

அப்படியானால் எப்படி எழுதுவது

மட்டாஞ்சேரி மிளகு வியாபாரியிடம் கற்றுக்கொள்ளலாம். மிளகின் தரத்தை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார். லிட்டருக்கு 550 கிராம் என்றால் உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் ஒரு லிட்டர் படியை எடுத்து நிரப்பி, தராசில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அளந்த பாத்திரம் எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

ரப்பர்க்காரர்களிடம் கற்றுக்கொள்ளலாம். 1934-ல் மெல்வின் மூனி கொண்டுவந்த கருவியில்தான் இன்றும் ரப்பரின் பாகுநிலையைச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவார்கள் தெரியுமா? மூனி, பெரிய சுழலி, 1 கூட்டல் 4, 100 டிகிரி. அதாவது பெரிய சுழலியைப் போட்டு, ஒரு நிமிடம் சூடேற்றி, நாலாவது நிமிடத்தில் 100 டிகிரியில் படித்த எண். இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த எண்ணின் பெயர். இதில் ஒன்றை விட்டாலும் சந்தையில் ஏற்க மாட்டார்கள். இத்தனைக்கும் மூனி எண் எடை என்றோ நீளம் என்றோ பெருமை அடித்துக்கொள்வதில்லை. நான் இந்தக் கருவியில் இப்படி அளந்த எண் என்று அடக்கமாக நிற்கிறது. அந்த அடக்கம் மூலக்கூறு எடைக்கு ஏன் இல்லை?

தீர்வு தெரியாமலும் இல்லை. 1967-லேயே ஸ்ட்ராஸ்பர்கில் க்ரூபிசிக், ரெம்ப், பெனுவா மூவரும் பாதை காட்டிவிட்டார்கள். எடையை மட்டும் பார்க்காதே, எடையையும் உள்ளார்ந்த பாகுநிலையையும் பெருக்கிப் பார், வெவ்வேறு பாலிமர்களும் ஒரே கோட்டில் வந்து விழும் என்றார்கள். குழாயின் கடைசியில் ஒரு பாகுநிலை டிடெக்டர் வைத்தால் முடிந்தது. இன்னொரு வழி, ஒளிச்சிதறல் டிடெக்டர். அதற்குத் தரப்பொருள் அட்டவணை வேண்டாம்.

அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. கரைசலின் ஒளிவிலகல் செறிவோடு எவ்வளவு மாறுகிறது என்ற ஓர் எண்ணை அங்கே உள்ளிட வேண்டும். கைட்டோசானுக்கு 0.16 என்று போடுபவரும் உண்டு, 0.19 என்று போடுபவரும் உண்டு. அதே டிடெக்டர் ஜோடியில் செறிவையும் அந்த எண்ணை வைத்தே கணக்கிட்டால், இதனால் மட்டும் எடை இருபது சதவீதம் அளவுக்கு மாறும். நாலு மடங்குக்கு முன்னால் இருபது சதவீதம் பரவாயில்லை. ஆனால் அந்த எண்ணையும் எழுத வேண்டும்.

வழக்கமான சால்ஜாப்புகள்

"ஒப்பீட்டுக்குத்தானே பார்க்கிறோம், உண்மை எடை எதற்கு?" நியாயமான பேச்சு. ஒரே லேப், ஒரே குழாய், ஒரே தரப்பொருள் என்றால் நேற்றைய சரக்கையும் இன்றைய சரக்கையும் தாராளமாக ஒப்பிடலாம். உங்கள் வீட்டுப் படியால் உங்கள் வீட்டு அரிசியை அளப்பதை யார் தடுத்தார்? அந்தப் படியைத் தூக்கிக்கொண்டு அடுத்தவன் கடைக்குப் போய் "நீ குறைத்துப் போட்டாய்" என்று சண்டை பிடிக்கக் கூடாது என்கிறேன்.

"மருந்துத் துறையில் இப்படித்தானே செய்கிறார்கள்?" அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். டெக்ஸ்ட்ரான் 40 என்ற ஊசிமருந்தின் பெயரிலேயே மூலக்கூறு எடை இருக்கிறது, 40 ஆயிரம். சிறுநீரகம் சின்னச் சங்கிலியைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், பெரியது ரத்தத்தில் தங்கும். உயிர் விஷயம் என்பதால் டெக்ஸ்ட்ரானை டெக்ஸ்ட்ரானை வைத்தே அளக்கிறார்கள். பஞ்சு லாரிக்குப் பஞ்சு லாரி. கைட்டோசானுக்கு அந்த மரியாதை கிடையாதா?

"ஒளிச்சிதறல் டிடெக்டர் விலை என்ன தெரியுமா?" தெரியும் ஐயா, நான் கேட்டு வாங்காமல் நொந்துபோன பட்ஜெட்டே இரண்டு உண்டு. ஆனால் "புல்லுலான் அடிப்படையில்" என்று இரண்டு வார்த்தை தட்டச்சு செய்ய என்ன விலை? அதுவும் முடியாது என்றால் கண்ணாடிப் பாகுமானியில் உள்ளார்ந்த பாகுநிலையை அளந்து அந்த எண்ணையே போடுங்கள். அதை எடையாக மாற்றி அழகு பார்க்க வேண்டாம். வாங்குபவர் தனக்குப் பிடித்த மாறிலியைப் போட்டுக்கொள்ளட்டும்.

"வாங்குபவர் ஒரே ஒரு எண்தான் கேட்கிறார்." ஒரு எண்ணே கொடுங்கள். வாலோடு கொடுங்கள். வால் இல்லாமல் கொடுத்த எண்தான் நாளைக்கு உங்களையே கொத்தும்.

கேட்க வேண்டியவை

லேபில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, சரக்கு விற்கும் வாங்கும் அண்ணாச்சிகளே, அறிக்கை கையில் வந்ததும் இந்த ஆறையும் பாருங்கள். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

1. எந்தத் தரப்பொருள்? அல்லது எந்த டிடெக்டரால் நேரடியாக அளந்தது?
2. ஓடிய கரைசல் என்ன? அமிலம், உப்பு, பி.ஹெச். எவ்வளவு?
3. ஒளிச்சிதறல் என்றால் உள்ளிட்ட ஒளிவிலகல் எண் எவ்வளவு? பாகுநிலை என்றால் யாருடைய மாறிலி?
4. எண்ணிக்கைச் சராசரியா, எடைச் சராசரியா? இரண்டும் இருக்கிறதா? முழு வரைபடம் எங்கே?
5. உள்ளே விட்டதில் எவ்வளவு வெளியே வந்தது? வடிகட்டியில் எவ்வளவு தங்கியது?
6. கைட்டோசான் என்றால், அசிட்டைல் தொகுதி எவ்வளவு நீங்கியிருக்கிறது? அது மாறினால் மேலே உள்ள பாதிக் கணக்கு மாறும்.

இதெல்லாம் என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பிளாஸ்டிக்குகளுக்கு இந்த முறையில் மூலக்கூறு எடை அளக்க ஐ.எஸ்.ஓ. 16014 என்று ஒரு தரநிலையே 2003-ல் வந்து, பிறகு திருத்தப்பட்டும் இருக்கிறது. எப்படி அளந்தோம் என்று அறிக்கையில் எழுதுவது அதில் ஒரு பகுதி. சட்டம் இருக்கிறது, பழக்கம்தான் இல்லை.

கொச்சி போன்ற ஊருக்கு இது கூடுதல் அவசியம். அளவுகோலை மறைப்பதால் நஷ்டம் எப்போதும் சின்ன ஆளுக்கே. பெரிய கம்பெனி மூன்று லேபில் பார்த்து வாதாடும். தொட்டி வைத்துப் பிழைப்பவருக்கு ஒரு தாள் வந்தால் அதுதான் தீர்ப்பு. அந்தத் தாளில் எழுதாமல் விட்ட ஒரு வரி அவருக்கு ஒரு வருட லாபம்.

ஆகவே மகாஜனங்களே, அடுத்த முறை யாராவது "மூலக்கூறு எடை ரெண்டு லட்சம்" என்றால் "எதை வைத்து?" என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவர் லேபில் சோதனைக்கே கொடுக்காதீர்கள்.

பி.கு.: "நீங்கள் வேலை பார்க்கும் இடத்து அறிக்கையில் இந்த ஆறும் இருக்கிறதா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: ஐந்து இருக்கிறது. வடிகட்டியில் தங்கியதை எழுதுவதற்கு மேலதிகாரியோடு பேச்சுவார்த்தை நடக்கிறது. இந்தப் பதிவை அவர் படித்தால் வேலை எளிதாகும், அல்லது வேலையே இருக்காது :-)